கொம்புவண்டியின் சொந்தபந்தங்கள்

இன்னாசி ரொட்ரிகோ அந்தரத்தில் நின்ற அந்த ஆடி மாதத்தில் தூத்துக்குடியில் வேறு எத்தனையோ நடந்தது. வலையில் இரண்டு வால் உள்ள சீலாமீன் பட்டது, நகராட்சிக் குழாயில் காலையிலேயே தண்ணீர் வந்தது. ஆனாலும் ஜனங்கள் அதையெல்லாம் மறந்துவிட்டு இன்னாசியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதற்குக் காரணம், அவர் நின்ற இடம் துறைமுக ரோட்டோரத்தில் பஸ்ஸில் போகிற எல்லார் கண்ணுக்கும் படும்படி வாகாக அமைந்துவிட்டதுதானே தவிர, ஒரு மனுசன் அந்தரத்தில் நிற்பது அப்படியொன்றும் பெரிய காரியம் என்பதால் அல்ல.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், நிலாவரை மருந்து இலையை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்த தன் கிட்டங்கி வாசலில் சீரியல் பல்பு கட்டியே தீருவது என்று கிளம்பிய இன்னாசி, வீட்டு ஏணியை யாரோ இரவல் வாங்கிப்போய் அது யார் என்பதும் மறந்துபோயிருந்ததால், மூட்டை அடுக்குகிற மரப்பலகை ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு, இரண்டு இரும்புக் கொம்பை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற தன் பழைய ஃபோர்க்லிஃப்டை, லோடுமேன்கள் வாயில் கொம்புவண்டியை, ஓட்டுகிற சுடலைக்கண்ணுவிடம், "தூக்குடே" என்றார். சுடலைக்கண்ணு தூக்கினான். இன்னாசி பல்பைக் கட்டினார். கட்டி முடிக்கிற நேரத்தில் வண்டி நெஞ்சுச்சளி கட்டிய கிழவனைப்போல நாலு இருமல் இருமிவிட்டு நின்றுபோயிற்று. சுடலைக்கண்ணு லீவரை இழுத்தான். கொம்பு இரண்டும் பெருமூச்சு விட்டபடி, தம் எடையிலேயே தரைக்கு இறங்கின. பலகை இறங்கவில்லை.

"ஏ சுடல, இறக்குடே."

"இறக்கியாச்சு மொதலாளி."

"அப்ப நான் ஏன் இங்கயே நிக்கேன்?"

சுடலைக்கண்ணு குனிந்து கொம்பைப் பார்த்தான், நிமிர்ந்து பலகையைப் பார்த்தான், நடுவில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான். "அது தெரியல மொதலாளி. வண்டி அதுபாட்டுக்கு இறங்கிட்டு" என்றான்.

சத்தம் கேட்டுப் பின் சந்திலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள் இன்னாசியின் மனைவி பெர்னத்து. புருசன் நிற்கிற நிலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பிட வாறீயளா, இல்ல அங்கயே நிக்கப் போறீயளா? குழம்பு ஆறுது" என்றாள்.

குழம்பு ஆறியது. கடையில் கேட்டு ஏணி கொண்டுவந்து சார்த்தினார்கள். இன்னாசி எந்தப் படியில் காலை வைத்தாலும் அந்தப் படி பலகையின் உயரத்துக்கே வந்து சேர்ந்தது. கயிறு போட்டு இறங்கச் சொன்னார்கள்; கயிறுதான் கீழே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். குதித்துப் பலகை மேலேயே விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். துறைமுகத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் கிரேன் கொண்டுவந்து கொக்கியை மாட்டினார். பலகை மேலே வரச் சொன்னால் சந்தோசமாக வந்தது, கீழே என்றால் மாட்டேன் என்றது. கிரேன்காரர் பயந்துபோய், இருக்கிற உயரத்தோடு நிற்கட்டும் என்று கொக்கியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

காரணம் தவசிக்கனிக்குத்தான் தெரிந்தது. அவர் கிட்டங்கி லோடுமேன்களின் மேஸ்திரி. கொம்புவண்டி முதன்முதலாக வந்திறங்கிய நாளில், எங்கள் தோளுக்கு வேலை போச்சே என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவர் அவர்தான். அன்றைக்கு இரண்டு தரப்பும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டியையும் லோடுமேன் கேங்கில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்வது. அதற்கும் தலையில் துண்டு கட்டிப் பொட்டு வைப்பது. கேங்குக்கு உள்ள ரூலெல்லாம் அதற்கும் உண்டு. சரி சரி, வையுங்கள் என்று மீசையைத் தடவிச் சிரித்துக்கொண்டே சம்மதித்தவர் இன்னாசிதான்.

"ஒரு கேங்கு தூக்குன சரக்க அந்தக் கேங்குதான் இறக்கணும் மைனி. நடுவுல இன்னொருத்தன் கை வைக்கப்பிடாது. இந்தத் துறைமுகத்துல எங்க அய்யா காலத்துலருந்து அதான் ரூலு" என்றார் தவசிக்கனி.

"அவிய சரக்கா? என் புருசன்லா?"

"பலக மேல ஏறிட்டா சரக்குதான்."

ஆக, இன்ஜின் நின்றபிறகு கொம்பு தானாக இறங்கியது கணக்கில் சேராது; கொம்புவண்டி ஓடவேண்டும், ஓடி, மறுபடி கொம்பைத் தூக்கி, முறைப்படி இறக்கவேண்டும். பெர்னத்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரர் அருணகிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "என்ன இன்ஜின்?" என்றார்.

"கொம்புவண்டி இன்ஜின்."

"அது வண்டி பேரு. வண்டி ஒருத்தன் செய்வான், இன்ஜின் இன்னொருத்தன் செய்வான். இன்ஜின் பேரு என்னம்மா?"

"பச்சையா இருக்கும்."

"பெயிண்ட் அடிச்சா நானுந்தான் பச்சையா இருப்பேன். இன்ஜின் ஒடம்புல ஒரு தகடு இருக்கும், அதுல நம்பர் இருக்கும். அதப் பாத்து வந்து சொல்லுங்க, வாசர்லருந்து வால்வு வரைக்கும் வாங்கித் தாரேன்."

தகடு இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் கொம்புவண்டியைக் கழுவித் துடைத்து, உச்சி முதல் சக்கரம் வரை ஓர் இடம் விடாமல் பெயிண்ட் அடித்து, அதன் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பது கேங்கின் வழக்கமானபடியால், தகட்டின் மேல் வருசங்கள் அப்பளம் அப்பளமாகப் படிந்திருந்தன. சுடலைக்கண்ணு உளியை வைத்துச் சுரண்டச் சுரண்டப் பச்சைக்கு அடியில் சிவப்பு வந்தது, சிவப்புக்கு அடியில் சந்தனம் மணத்தது, சந்தனத்துக்கு அடியில் ஊதா, அதற்கடியில் மஞ்சள், அதற்கடியில் பழைய ஓட்டுநர் ஒருவர் தன் பெண்டாட்டி பேரை எழுதி இதயம் வரைந்திருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் தகடு வந்தபோது அது உள்ளங்கை மாதிரி வழுவழுவென்று இருந்தது. பெயிண்ட் நன்றாக ஒட்டவேண்டுமே என்று, அடிப்பதற்கு முன்னால் முதல் வருசமே உப்புத்தாளை வைத்துப் பக்தியோடு தேய்த்திருந்தார்கள். அந்தப் பக்தியில் எழுத்து எப்போதோ கரைந்து போயிருந்தது.

இதற்குள் ஊர் இன்னாசிக்குப் பழகிக்கொண்டது.

பலகையின் நிழல் ரோட்டில் விழுந்ததால் இளநீர்க்காரர் தன் தள்ளுவண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். கடலில் கப்பல் தெரிவதை எல்லாருக்கும் முன்னால் இன்னாசி பார்த்துச் சொன்னதால் ஏஜெண்டுகள் காலையில் முதல் வேலையாக அவர் கீழே வந்து, "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன வருது?" என்று அண்ணாந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மொட்டைமாடியில் கருவாடு காயப்போட்டவர்களுக்கு அவர் காக்கா விரட்டிக் கொடுத்தார். மொட்டைமாடியில் வேறு காரியமாகச் சந்தித்துக்கொண்டவர்கள் சந்திப்பை நிறுத்திக்கொண்டார்கள். நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து, இது மாடியா, கொட்டகையா, பரணா என்று ஒரு பகல் முழுக்க யோசித்து, தரையைத் தொடாமல் உயரத்தில் நிற்பதால் விளம்பரப் பலகை என்று முடிவுகட்டினார். அதைக் கேள்விப்பட்ட ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், விளம்பரப் பலகை என்றால் விளம்பரம் வேண்டாமா என்று, பலகையின் அடிப்பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய பெண்ணின் படத்தை ஒட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு பெர்னத்து புருசனைப் பார்க்க அண்ணாந்தால் முதலில் அந்தப் பெண்தான் சிரித்தாள்.

பங்குச் சாமியாரும் வந்தார். மேலே போவதில் திருச்சபைக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை, ஆனால் போகிறவர் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போவதுதான் முறை என்றார். அவ்வளவு உயரத்திலிருந்து குசுகுசுவென்று சொன்னால் சாமியாருக்குக் கேட்காதாகையால் இன்னாசி கத்திச் சொல்லவேண்டியதாயிற்று, தெருவே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அவர் சொன்ன பாவங்கள் அத்தனையும் ஆளுக்கொன்று வீட்டில் இருக்கிற சாதாரணச் சரக்காகப் போய்விட, ஜனங்கள் ஏமாந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.

பெர்னத்துக்கு மட்டும் பழகவில்லை. அவள் கையில் கயிறு இருந்தது. தினமும் சாப்பாட்டுக் கூடையை இன்னாசி அந்தக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வார். கயிறு எட்டவில்லை என்று ஒருநாள் ஒரு முழத்தைச் சேர்த்து முடிச்சுப் போட்டாள், கொஞ்சநாளில் இன்னொரு முழம், இன்னொரு முடிச்சு. பலகை கிடந்த இடத்தில் கிடக்கவில்லை, யாருக்கும் சொல்லாமல் கொள்ளாமல் மேலே போய்க்கொண்டிருக்கிறது என்பது ஊரில் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் கூடையை அனுப்பிவிட்டு, "ஏங்க, குழம்புல புளி எப்படி?" என்று கத்திக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலில் ஒரு குறையாவது சொல்லாமல் கை கழுவியிராத மனுசன், அன்றைக்குக் கடலைப் பார்த்தபடியே, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பெர்னத்து, "இவிய போகப் போறாவ" என்று சொல்லிக்கொண்டே கொம்புவண்டி கிடந்த பக்கம் ஓடினாள்.

அன்றைக்கே ஊரில் இன்ஜினோடு பழக்கம் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டனுப்பினாள். முதலில் வந்த விசைப்படகு டிரைவர், சுடலைக்கண்ணு கழற்றிப் பரப்பி வைத்திருந்த சாமான்களைப் பார்த்ததும், "அட, இது நம்ம போட் இன்ஜின்லா! இந்தப் பம்பப் பாத்தா தெரியாதா?" என்றார். ஐஸ் பேக்டரிக்காரர் வந்து, பிஸ்டனைத் தூக்கி முகர்ந்துவிட்டு, இது சந்தேகமில்லாமல் ஐஸ் பேக்டரி இன்ஜின் என்றார். பஸ் மெக்கானிக் ஒருவர் ரேடியேட்டரைக் கட்டிக்கொண்டு, பல வருசத்துக்கு முன்னால் காணாமல் போன தன் பஸ் இதுதான் என்று கண் கலங்கினார். மூன்று பேரும் சட்டையைப் பிடித்துக்கொள்ளப் போகிற சமயத்தில்தான் விசயம் விளங்கியது. மூன்று பேர் சொன்னதும் உண்மை. கொம்புவண்டி ஒவ்வொரு தடவை படுத்தபோதும், ஓட்டினவர்கள் கைக்கு அந்த நேரத்தில் எது கிடைத்ததோ அதை வாங்கிப் பொருத்தி ஓட்டியிருக்கிறார்கள். ஓடி ஓடி, தன் உடம்பில் பிறந்தபோது இருந்த உறுப்பு ஒன்றுகூட இல்லாமல், ஊரில் உள்ள இன்ஜின் எல்லாவற்றுக்கும் அது கொஞ்சம் கொஞ்சம் சொந்தமாகிவிட்டிருந்தது.

அருணகிரியிடம் போய்ச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்படீன்னா இதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கெடைக்காதும்மா. சொந்தக்காரங்க வீட்டுலதான் கெடைக்கும்."

சொந்தக்காரர்கள் வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரி ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். படகு வீட்டார் பம்புக்கு வாசர் கொண்டுவந்தார்கள். ஐஸ் பேக்டரி வீட்டார் பிஸ்டன் வளையம். பஸ் வீட்டார் ஒரு ரப்பர் குழாய். வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலில் உட்கார்ந்து, யார் முதல், யாருக்குப் பிறகு யார் என்று மரியாதை பேசினார்கள். சுடலைக்கண்ணு பிஸ்டனுக்கு முன்னால் பம்பை மாட்டிவிட்டான் என்று ஐஸ் பேக்டரி வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்துபோக, பெர்னத்து அவர்கள் வீட்டு வாசல்வரை போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். கயிற்றில் முடிச்சுகள் கூடிக்கொண்டிருந்தன.

எல்லாம் மாட்டியாயிற்று. ஒரே ஒரு சின்ன ஸ்பிரிங் மட்டும் இரண்டாக முறிந்து கிடந்தது. அதற்கு மட்டும் சொந்தக்காரர் யாரும் வரவில்லை. படகும் கையை விரித்தது, பஸ்ஸும் கையை விரித்தது. கடைசியில் அதைச் சாப்பாட்டுக் கூடையில் போட்டு மேலே அனுப்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து நெடுநாளைக்குப் பிறகு உற்சாகமான குரல் வந்தது.

"ஏட்டி பெர்னத்து, இது நான் போட்டதுல்லா! ஒரு தடவ வண்டி நின்னுபோய், கப்பலுக்கு நேரமாச்சுன்னு ஒன் தையல் மிஷின்லருந்து கழத்திப் போட்டேன். அளவு எப்படி, கச்சிதம் பாத்தியா!"

பெர்னத்து இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தத் தையல் மிஷின் தைக்காமல் போனதற்கு அவள் சின்ன நாத்தனாரைச் சந்தேகப்பட்டு, அந்தப் பெண்ணோடு பேச்சை விட்டுப் பல வருசமாகியிருந்தது.

"இறங்கி வாங்க. ஒங்களுக்கு இருக்கு" என்றாள். அதைக் கேட்டு லோடுமேன்கள் எல்லாரும், அப்படியானால் அவர் இறங்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்தார்கள். அவள் நேராக, அதே மாதிரி மிஷின் வைத்திருந்த அந்த நாத்தனார் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, "ஒன் தையல் மிஷின்ல ஒரு ஸ்பிரிங்கு வேணும்" என்றாள். நாத்தனார் மிஷினைக் கவிழ்த்தாள். இருவரும் சேர்ந்து கழற்றினார்கள்.

கொம்புவண்டி ஓடியது. ஒரே சமயத்தில் படகு மாதிரியும் பஸ் மாதிரியும் துணி தைக்கிற மாதிரியும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. சொந்தக்காரர்கள் குலவையிட்டார்கள். சுடலைக்கண்ணு லீவரைத் தள்ள, கொம்பு மேலே போயிற்று, போயிற்று, தன்னால் முடிந்த மட்டும் போய் நின்றுவிட்டது. பலகை அதற்கு ஒரு பனை உயரத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது.

இன்னாசி மேலிருந்து, "சரி, நீங்கல்லாம் வீட்டுக்குப் போங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார்.

"போறதா இருந்தா எப்பவோ போயிருப்பேன்" என்றாள் பெர்னத்து.

வண்டியின் கை எட்டாவிட்டால் வண்டி நிற்கிற தரையை உயர்த்தவேண்டியதுதான். மணல் அள்ளத் தடை இருந்தது. கல் கொண்டுவரச் சீட்டு வாங்கவேண்டும், செம்மண்ணுக்கு அதைவிடப் பெரிய சீட்டு. அந்த ஊரில் யாரையும் கேட்காமல் குவிக்கக்கூடிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெர்னத்து உப்பளங்களுக்கு நடந்தாள். ஐப்பசி பிறந்து, மழைக்கு முன்னால் அள்ளிக் குவித்த உப்பை ஓலை போட்டு மூடிக்கொண்டிருந்த பெண்கள், அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மழை வந்தா அம்புட்டும் போயிருமேக்கா" என்றார்கள். "அவியளும் போயிருவாவளே" என்றாள் அவள். பெண்கள் ஓலையை ஓரமாகப் போட்டார்கள்.

உப்பு வந்தது. தலைச்சுமையாக வந்தது, தள்ளுவண்டியில் வந்தது, லாரியில் வந்தது, சாமியாரின் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் ஒரு மூட்டை வந்தது. கிட்டங்கி வாசலில் ஒரு வெள்ளை மலை எழுந்து, அதன் ஒரு பக்கம் சரிவாகப் பாதையும் உண்டாகி, பாதையில் பலகை பரப்பி, கேங்கு பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ள, கொம்புவண்டி உறுமிக்கொண்டு மலையேறியது. சுடலைக்கண்ணு ஸ்டீயரிங்கில் இருந்தான். பெர்னத்து பக்கவாட்டில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தொற்றியிருந்தாள். இறங்கச் சொன்னார்கள், அவள் காதில் விழவில்லை. உச்சியில் வண்டி நின்று, கொம்பை உயர்த்தி, பலகையின் அடியைப் போய்த் தொட்டது. பட்டுச்சேலைக்காரியின் மூக்கில் லேசாக இடித்து உட்கார்ந்தது. தொட்ட அந்தக் கணமே இன்ஜின் நின்றுவிட்டது. லீவரை இழுத்தால் லீவர் கையோடு வந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது.

முதலில் தூறல், அப்புறம் சாரல், அப்புறம் வானத்தில் யாரோ குடத்தைக் கவிழ்த்த மாதிரி. உப்புப் பெண்கள் தலையில் கை வைத்தார்கள். மலையின் அடிவாரம் கரைந்து ரோட்டில் ஓடியது, தோள்பட்டை கரைந்தது, உச்சி கரைந்தது. கரையக் கரைய, மேலே நின்ற கொம்புவண்டி சாயாமல் சரியாமல், வண்டியும் சுடலைக்கண்ணுவும் பெர்னத்துமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பலகை மட்டும் இறங்கவில்லை. கொம்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது, பிறகு இரண்டு விரல்.

"தவசியண்ணே! என்னாச்சு?" என்று அலறினாள் பெர்னத்து.

தவசிக்கனி மழையில் நனைந்தபடி நின்று யோசித்தார். வண்டி இறக்கவில்லை. இறக்குவது மழை. மழை இந்தக் கேங்கில் இல்லை, வேற்றாள். ரூல் ரூல்தான். அவர் தன் தலைத்துண்டை அவிழ்த்தார், பிழிந்தார், இரண்டு கையாலும் வானத்தைப் பார்த்து நீட்டிப் பிடித்து, துறைமுகமே கேட்கும்படி கத்தினார்:

"மழையையும் கேங்குல சேத்தாச்சு! யாருக்காவது ஆட்சேபண உண்டாலே?"

"இல்ல!" என்றது கேங்கு.

பலகை 'டொக்' என்று கொம்பில் உட்கார்ந்தது. பிறகு எல்லாம் ஒன்றாக, சோறு வடிகிற நிதானத்தில், இறங்கின. வண்டியின் தலைக்கம்பியைப் பிடித்து ஏறி நின்ற பெர்னத்துக்கும் பலகை விளிம்பில் உட்கார்ந்திருந்த இன்னாசிக்கும் முகம் நேருக்கு நேராக இருந்தது. இத்தனை நாளும் கத்திக் கத்திப் பேசிப் பழகியதால், பக்கத்தில் வந்ததும் எவ்வளவு சத்தத்தில் பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை.

"தாடி வளந்துட்டு" என்றாள் கடைசியில்.

"நீ மெலிஞ்சிட்ட" என்றார். "மேலருந்து பாத்தா ஒன் உச்சி மட்டுந்தான் தெரியும்."

அந்தி சாய்வதற்குள் மலை இருந்த இடத்தில் முட்டளவு உப்புத்தண்ணீர் நின்றது. இன்னாசி வண்டியின் தலைக்கம்பி வழியாக இறங்கி அதில் காலை வைத்தார். கால் தரையைத் தொட்டது. ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், பட்டாசு நனைந்துபோய் வெடிக்கவில்லை. உப்புப் பெண்கள் அந்தத் தண்ணீரைச் சும்மா விடாமல் அப்போதே வரப்புக் கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

இன்னாசி எல்லாரையும் கும்பிட்டுவிட்டு நாலு அடி நடந்து, முச்சந்தியில் நின்றுவிட்டார். கூரைகளாகவும் தண்ணீர்த் தொட்டிகளாகவும் காயப்போட்ட துணிகளாகவும் அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஊர் இப்போது வெறும் சுவர்களாக நின்றது. எந்தக் கப்பல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஊருக்கே சொன்னவர், இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஏட்டி," என்றார், யாருக்கும் கேட்காதபடி, "நம்ம வீடு எந்தப் பக்கம்?"

பெர்னத்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பம்பரக் கயிற்றை இறுக்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள். "பேசாம வாங்க" என்று சொல்லி, சந்துக்குள் அழைத்துப் போனாள்.